ஹாப்ஸ்

ஹாப்ஸ் என்பது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி ஆகும். இதன் தாவரவியற் பெயர் ஹியூமுலஸ் லூபுலஸ். ஆண், பெண் பூக்கள் தனித்தனிக் கொடிகளில் தோன்றும். பெண் கொடியில் விளையும் பச்சை நிறக் கூம்புகளே பியர் தயாரிப்பில் பயன்படுகின்றன. கூம்பின் இதழ்களுக்கிடையே உள்ள லூபுலின் எனும் மஞ்சள் தூளில் ஆல்ஃபா அமிலங்கள் உள்ளன. இவை கொதிக்கும்போது கசப்பைத் தருவதோடு, பியரைப் புளிக்கச் செய்யும் சில பாக்டீரியாக்களையும் அடக்குகின்றன.

பகலின் நீளம்

இக்கொடி பெரும்பாலும் 35 முதல் 55 பாகை வரையிலான அகலாங்குகளில் பயிராகிறது. தமிழ்நாட்டில் இது நன்கு விளையாமைக்கு வெப்பமே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. வெப்பமும் ஒரு தடைதான். ஆயினும் பெரிய தடை பகலின் நீளமாகும். நீண்ட பகல் உள்ள கோடையில் கொடி 5 மீட்டருக்கும் மேல் ஏறி, பின்னர் பகல் குறையத் தொடங்கும்போது பூக்கிறது. ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ள கூடுவாஞ்சேரியில் சூன் மாதத்துப் பகலே சுமார் 13 மணி நேரந்தான். ஆதலால் கொடி உயரும் முன்பே பூத்துவிடும். கூம்புகள் சிலவே கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் சார்ச் நகரப் பகுதியிலும் இதே இடர் இருந்தது. அங்கு விளக்கொளியால் பகலை நீட்டினர். பின்னர் குறும்பகலுக்கு ஏற்ற வகைகளை உருவாக்கினர். குளிர்கால உறக்கம் இக்கொடிக்குக் கட்டாயமன்று என 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெப்பநாட்டில் வளர்க்க விரும்புவோருக்கு இது முக்கியமான செய்தி.

வீட்டில் வளர்த்தல்

இஞ்சியைப் போன்ற மட்டநிலத் தண்டைத் துண்டாக்கி நடுவர். மொட்டைமாடியில் வளர்ப்பதாயின் ஆழமான தொட்டி, வடிகால், உயரக் கட்டிய முரட்டுக் கயிறு ஆகியவை தேவை. கொடி வலஞ்சுழியாகவே சுற்றும். இடப்புறமாகச் சுற்றிவிட்டால் அவிழ்ந்துவிடும். தமிழகத்தில், மாலை முதல் இரவு 11 மணி வரை மங்கலான விளக்கு எரிந்தால் கொடி பகலென்றே கொள்ளும். ஏறத்தாழ 25 கணுக்கள் வந்தபின் விளக்கை நிறுத்தினால் பூக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பிற்பகல் நிழல் வேண்டும். சிலந்திப்பேனும் சாம்பல் நோயும் இதன் முதன்மைப் பகைகள். கூம்புகள் நாய்களுக்கு நஞ்சு. உண்டால் உடல் வெப்பம் கடுமையாக ஏறும்.

இந்தியாவில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசுமீர அரசு இதனைப் பயிரிட்டது. பின்னர் இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில், உருளைக்கிழங்கு, பட்டாணி ஆகியவற்றுடன் இதுவும் பணப்பயிராயிற்று. எனினும் இந்திய பியர் ஆலைகள் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியுள்ளன.

ஹாப்ஸில் மது இல்லை. ஆனால் உரிமமின்றி வீட்டில் பியர் தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். ஐரோப்பாவில் உலர்ந்த கூம்புகளைத் தேநீராக அருந்துவதும், உறக்கத்திற்கெனத் தலையணையில் அடைப்பதும் பழைய வழக்கங்கள்.