ஜவ்வாது மலைக்கு நீதி வரும் வேகம்

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் பேசும் மலைமக்கள் இவர்கள்.

செம்மரம் வெட்ட வந்த கும்பல் கோடரியோடு தாக்கியது, தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பியவர்கள். இந்த இரண்டில் எது உண்மை என்று முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம்தானே? செம்மரம் திருடியது நிரூபணமானாலும் அதற்குச் சட்டம் சொல்லும் தண்டனை சிறைதான், தோட்டா இல்லை.

சரி, சுடாமல் கைது செய்திருந்தால்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொடூரமான குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகள் மீது கொலை வழக்கு பாய்ந்தது. பலர் ஜாமீன் கிடைக்காமல் தெலுங்கில் நடக்கும் ஒரு வழக்குக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். 2016இல் திருப்பதி நீதிமன்றம் 280க்கும் மேற்பட்டோரை விடுவித்தது. அத்தனை பேரைப் பிடித்தும் குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை. கொல்லப்பட்ட அதிகாரிகளின் குடும்பங்களுக்கும் இதில் நீதி கிடைக்கவில்லை.

இப்போது எதிர்த்திசையில் பார்ப்போம். சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல்.

நாங்கள் மென்பொருளில் ஒரு கோரிக்கைக்குப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்போம். இங்கேயும் அளந்து பார்க்கலாம். சந்தேகப்படுபவர் பழங்குடி என்றால் ஒரு ராத்திரி போதும். புகார் கொடுப்பவர் பழங்குடி என்றால் 31 வருஷம்.

சட்டத்தில் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் அரசு இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். அந்த வழக்கறிஞர் கைதான முதல் நாளே வர வேண்டும், கைதானவரின் மொழியில் பேச வேண்டும். இரண்டு வருஷம் கழித்து வரும் விடுதலை, போன இரண்டு வருஷத்தைத் திருப்பித் தராது.