களத்துமேட்டுக் கட்டளை: செங்கற்பட்டுச் சீமையில் அன்பின் சட்டமும் மனைக்கட்டும்

பிறரைத் தன்னைப்போல நேசிக்கச் சொல்லும் கட்டளையை இயேசுவின் போதனையாகவே பெரும்பாலான கிறிஸ்தவர்கள் அறிவார்கள். அவர் அதை எடுத்தாண்டது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலிருந்து. அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பிரசங்கம் செய்பவர்கள் குறைவு. அறுவடையின்போது வயலை ஓரம்வரை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கிச் சேர்க்கவும் கூடாது, அவை எளியவனுக்கும் பிழைக்க வந்தவனுக்கும் உரியவை என்று 9, 10ஆம் வசனங்கள் சொல்கின்றன. கூலியாளின் கூலியை இரவு தாண்டிக் கையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 13ஆம் வசனம். 35, 36ஆம் வசனங்கள் தராசையும் முகத்தலளவையையும் பற்றியவை. இவற்றுக்கு நடுவே, 18ஆம் வசனத்தில், அன்புக் கட்டளை வருகிறது. நிலத்தில், கூலியில், அளவையில் எப்படி நடந்துகொள்வது என்ற விதிகளோடு சேர்த்தே அன்பு அங்கே சட்டமாகிறது. யாக்கோபின் நிருபமும் இதே தடத்தில் நடக்கிறது. அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கடவுளின் காதுவரை முறையிடுவதாக அதன் 5ஆம் அதிகாரம் பேசுகிறது.

நெல் விளையும் உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்த வாசிப்புக்குத் தனிப் பொருத்தம் உண்டு. கடவுளின் அன்புச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது என்றால் என்ன என்ற கேள்வி, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மனைக்கட்டு, தரிசு நிலம், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் வழியாகவே எழுந்தது. இவற்றை உலகக் காரியங்கள் என்று ஒதுக்கிய ஒவ்வொரு முறையும் திருச்சபை தன் சட்டத்தையே தவறாக வாசித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது வேறொரு சட்டம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்தக் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் வாரியத்திலிருந்து விலக்கிய கண்டிப்பு இன்றைய உள்ளாட்சியில் கிடைக்காத பொருள்தான். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படத் தேவையான தகுதிகளையும் பார்க்க வேண்டும்: கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. அது பிராமணர்களின் சபை. அந்த ஊரின் நிலத்தில் இறங்கி உழைத்தவர்களுக்கு அதில் ஓலையும் இல்லை, குடமும் இல்லை. சொந்த மனை என்ற தகுதியைக் குறித்துக்கொள்வோம். ஏறக்குறைய 970 ஆண்டுகள் கழித்து, இதே சீமையில் ஒரு கலெக்டரின் அறிக்கை சொந்த மனை இல்லாதவர்களைப் பற்றி எழுதப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கற்பட்டு மிராசுச் சீமை, அதாவது ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட மிராசுதார்களின் சீமை. கம்பெனி அதிகாரி எல்லிஸ் மிராசு உரிமை பற்றிய கேள்விகளுக்கு எழுதி 1818இல் வெளியான விடைகளே அந்த முறைக்கான முதன்மையான ஆவணமாக நெடுங்காலம் பயன்பட்டன. ஊரின் விளைநிலத்தில் மட்டுமல்ல, தரிசிலும் மிராசுதாருக்குப் பிடிமானம் இருந்தது. வேறொருவர் தரிசு வேண்டித் தரகாஸ்து, அதாவது நிலம் கேட்கும் மனு, போட்டாலும் முதல் உரிமை அவருக்கே என்று விதிகள் சொல்லின. சேரியில் குடிசை நின்ற மண்ணுக்கும் அவர் உரிமை கொண்டாடினார். 1843இன் 5ஆம் சட்டம் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றங்கள் தந்துவந்த ஏற்பை நீக்கியது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பண்ணையாளுக்கு இதனால் மாறியது கொஞ்சம்தான். வேறு பண்ணைக்குப் போனால், தரகாஸ்து மனு போட்டால், குடிசை போகும். சங்கிலி தேவைப்படவில்லை, மனைக்கட்டு போதுமானதாக இருந்தது.

1876–78 பஞ்சத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாகாணத்தின் பல பகுதிகளில் சேரிகள் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் தெருவாகவே, மிஷன்களை நாடின. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் அவர்களை எதிர்கொண்டார்கள். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களின் வழக்குகள் மனைக்கட்டையும் தரிசையும் பற்றியவையாக இருந்தன. ஆண்ட்ரூ தரகாஸ்து மனுக்களில் கைகொடுத்தார், அதிகாரிகளோடு மல்லுக்கட்டினார். சிங்கப்பெருமாள்கோயில் அருகே மெல்ரோசாபுரம் என்ற வேளாண் குடியிருப்பு அவர் முயற்சியில் எழுந்தது. அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, குடிசை மனையையும் நிலத்தையும் நடுவில் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்லும் ஒதுக்கீட்டுக்கு அதுவே தொடக்கம். பத்தாண்டுகளுக்குள் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை அந்நிலங்களைத் தொடர்ந்து வந்தது.

அந்த அறிக்கையின் பொருள் கிறிஸ்தவர்கள் அல்லர், பறையர்கள். மிஷனரிகளின் கிளர்ச்சிக்கு அதில் பங்கு உண்டு என்றாலும், கிடைத்த பயன் சபைப் பதிவேட்டைப் பார்த்து வழங்கப்படவில்லை. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனின் மதம் கேட்கப்படாததைப் போல என்று இதைச் சொல்லலாம். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். ஏனென்றால் உவமையில் அடிபட்டவன் பேசுவதில்லை. செங்கற்பட்டில் அவன் பேசினான். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவி, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். எந்த மிஷனிலும் சேராமல் அரசுக்கு மனு எழுதினார். மிஷன் வரலாறுகள் இவரைப் போன்றவர்களைக் கடந்துபோகும் வேகம் எனக்கு உவப்பானதல்ல.

நிலம் கேட்டு வந்தவர்களை அன்றே ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று ஏளனம் செய்தார்கள். வெளியார் மட்டுமல்ல, மிஷனரிகளே இந்தச் சந்தேகத்தால் அலைக்கழிந்தார்கள். வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சந்தேகத்தைக் கூர்மையாகப் பிரித்துக் காட்டுகிறார். பொருள் நாட்டம் கலந்த மனமாற்றம் தூய்மையற்றது என்ற எண்ணமும், பறையர் நிலை அடிப்படையில் சமயம் சார்ந்தது என்ற விளக்கமும் சேர்ந்து, உழைப்பைக் கட்டிவைத்திருந்த பொருளியல் அமைப்பைப் பார்வையிலிருந்து மறைத்தன என்பது அவர் வாதத்தின் சாரம். வரலாறு என்ற அளவில் அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. ஆனால் அதற்கு ஓர் இறையியல் பக்கமும் உண்டு. லேவியராகமத்தின்படி பார்த்தால் விசாரிக்கப்பட வேண்டியது கதிர் பொறுக்க வந்தவனின் உள்நோக்கம் அல்ல. ஓரம்வரை அறுத்தவனின் கை. கட்டளை நிலம் உடையவனை நோக்கிப் பேசுகிறது, எளியவனின் பக்திக்கு அது மதிப்பெண் போடுவதில்லை. வயிற்றுக்காக வந்தவன் மெய்யான விசுவாசியா என்று துருவிய மிஷனரி, தன் வேதம் கேளாத கேள்வியைக் கேட்டார். அவரே அடுத்த நாள் தரகாஸ்து மனு எழுத உட்கார்ந்தபோது, தான் அறியாமலே அந்த வேதத்துக்குக் கீழ்ப்படிந்தார்.

அரசாணையோடு காரியம் முடியவில்லை. கொடுத்த நிலங்களில் பெரும்பங்கு நிபந்தனைகளை மீறிக் கைமாறிற்று. அவற்றை மீட்கும் போராட்டம் 1994இல் செங்கற்பட்டுப் பக்கத்துக் காரணையில் வெடித்தபோது, அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை. இன்றும் செங்கற்பட்டில் ஆண்டுதோறும் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

போராட்டத்தில் சேர்ந்து நின்ற பெயர்களைச் சட்டம் பிரித்துவைக்கிறது. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களையும், 1956 திருத்தத்தால் சீக்கியரையும், 1990 திருத்தத்தால் பௌத்தரையும் மட்டுமே அட்டவணைக்குள் ஏற்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது அதன் அடித்தளம். விளைவு காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் யாவரும் அறிந்ததே: சர்டிபிகேட்டில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வேண்டும் என்று இந்து என எழுதிவிட்டு ஞாயிறன்று ஆராதனைக்கு வருகிற தகப்பனை வஞ்சகன் என்று சொல்லும் பிரசங்கங்கள் உண்டு. பொய் சாட்சி பற்றிய கட்டளையை அவர்மேல் ஏவுவது சுலபம். ஆனால் அந்தத் தாளில் உள்ள பொய்க்கு முன்பே வேறொரு பொய் சொல்லப்பட்டாயிற்று. எங்களுக்குள் சாதி இல்லை என்று திருச்சபை அறிவித்தது, அரசு அந்த அறிவிப்பைச் சட்டமாக எடுத்துக்கொண்டது, கல்லறைத் தோட்டத்துச் சுவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதி மோதல் கலவரமாகித் துப்பாக்கிச் சூடுவரை போனதை யாரும் மறந்திருக்க முடியாது.

இந்த இரட்டை நிலை உச்ச நீதிமன்றத்திலும் ஒருமுறை அம்பலமானது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை, அட்டவணைச் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மதம் காரணமாக மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1985இல் வந்த தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. சாதியால் வந்த இழிவுகள் மதம் மாறிய பின்னும் கிறிஸ்தவச் சமூகத்துக்குள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று காட்டும் ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அந்த ஆதாரம் செருப்புத் தைத்தவரிடம் இருந்து வரவேண்டியதல்ல. பங்குப் பதிவேடுகளும் கல்லறை வரைபடங்களும் திருமணக் குறிப்புகளும் யார் கையில் இருந்தனவோ அவர்கள் தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்லியிருக்க வேண்டும். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொள்ளும் தலித் மேம்பாட்டுக் கொள்கையை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்டது 2016 டிசம்பரில், தீர்ப்பு வந்து 31 ஆண்டுகள் கழித்து. ஆணையின் மூன்றாம் பத்தி இன்றும் அப்படியே நிற்கிறது.