எகிப்தில் குடியிருக்க மாதம் எவ்வளவு ஆகும்?

மகனை அல்அஸ்ஹருக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், கெய்ரோவில் மருத்துவப் படிப்பு மலிவு என்று கேள்விப்பட்டவர்கள், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு மனைவி மக்களை எகிப்தில் வைத்தால் என்ன என்று யோசிப்பவர்கள் ஆகிய எல்லோரும் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: மாதம் எவ்வளவு இருந்தால் போதும்? ஒரு தொகையைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆறு மாதத்தில் அது பழங்கணக்காகிவிடும். எனவே தொகையை விட, அந்தத் தொகை எப்படி மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே குடும்பங்களுக்கு உதவும்.

எகிப்தின் நாணயத்தை நாம் பவுண்டு என்கிறோம். எழுத்தில் அது ஜுனைஹ். ஆனால் கெய்ரோக்காரர் ஜீமை 'க' என்று உச்சரிப்பதால் கடைத்தெருவில் 'கினே' என்றுதான் காதில் விழும். மதரஸாவில் தஜ்வீது படித்துவிட்டுப் போகும் பிள்ளைகள் முதல் வாரம் இதில் திகைப்பதுண்டு. 2022 மார்ச் வரை ஒரு டாலருக்கு ஏறத்தாழ 15.7 பவுண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா – உக்ரைன் போர் மூண்டது. எகிப்து கோதுமையைப் பெருமளவில் வாங்கியது அந்த இரு நாடுகளிடமிருந்துதான். விலை ஏறியது, அந்நிய முதலீடு வெளியேறியது, டாலருக்குத் தட்டுப்பாடு வந்தது. மார்ச்சிலும் அக்டோபரிலும் பவுண்டின் மதிப்பு இறக்கப்பட்டது. 2023 ஜனவரியில் டாலர் 30 பவுண்டைத் தொட்டது. பிறகு ஓராண்டுக்கு மேல் அதிகாரபூர்வ விலை 31 பவுண்டை ஒட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 மார்ச் 6 அன்று அந்தப் பிடியும் விடப்பட, ஒரே நாளில் டாலர் 50 பவுண்டை நெருங்கியது.

இதை நம் ரூபாயில் பார்ப்போம். ஊரிலிருந்து 10,000 இந்திய ரூபாய் அனுப்பினால் 2022 தொடக்கத்தில் சுமார் 2,090 பவுண்டு கிடைத்திருக்கும். 2023இல் ஏறத்தாழ 3,740. 2024 மார்ச்சுக்குப் பிறகு 6,000க்குச் சற்றுக் குறைவு. இந்த வரிசையை மட்டும் பார்க்கும் வாப்பாமார்கள், "நம் பணத்துக்கு அங்கே மூன்று மடங்கு கிடைக்கிறதே, அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் வங்கி வழியாக வந்த 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது அதே 3,740 பவுண்டுதான். ஆனால் அந்தச் செப்டம்பரில் நகர்ப்புற பணவீக்கம் 38 சதவீதத்தை எட்டியது. உணவுப் பொருட்கள் மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தன. ஊரில் இருப்பவர்களின் கணக்கில் எகிப்து மலிவான நாடு. அங்கே இருந்த பிள்ளைக்கோ கையில் வரும் பவுண்டு கூடவே இல்லை, தட்டில் இருப்பது குறைந்துகொண்டே போனது. வாப்பாவிடம் இன்னும் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வேளை சாப்பாட்டை விடும் பிள்ளைகள் உண்டு. மதிப்பு இறக்கம் வரும்போது வெளிநாட்டுப் பணம் வைத்திருப்பவர் சிறிது காலம் வசதியாக இருப்பார். நாணய விலையைப் பிடித்து வைத்திருக்கும் காலத்தில், பொருள் விலை மட்டும் ஓடும்போது, அவருக்கும் உள்ளூர்க்காரரைப் போலவே நெருக்கடிதான். இரண்டில் எது நடக்கிறது என்பதை நாணய விலையோடு காய்கறி விலையையும் சேர்த்துக் கேட்டால்தான் தெரியும்.

இலங்கைச் சகோதரர்களின் கணக்கு வேறு. அவர்களது ரூபாயே 2022இல் சரிந்தது. கொழும்பின் பணவீக்கம் அந்தச் செப்டம்பரில் 70 சதவீதத்தை நெருங்கியது. எனவே எகிப்து மலிவானதன் பலன் அவர்களுக்குப் பாதியும் வந்து சேரவில்லை.

எது மலிவு, எது மலிவில்லை என்பதற்கு வருவோம். கெய்ரோ மெட்ரோ ரயிலில் 2017 தொடக்கம் வரை எங்கு ஏறி எங்கு இறங்கினாலும் ஒரு பவுண்டுதான். 2024 ஆகஸ்டில் குறைந்த தூரத்துக்கு 8, நெடுந்தூரத்துக்கு 20 பவுண்டு. பவுண்டில் சம்பளம் வாங்குபவருக்கு இது எட்டு மடங்கு, இருபது மடங்கு. டாலரில் பார்த்தால், 2016 நவம்பர் மதிப்பிறக்கத்துக்கு முன் 11 சென்ட்டாக இருந்த குறைந்த கட்டணம் 2024 ஆகஸ்டில் 16 சென்ட். அரசு விலை வைக்கும் எல்லாவற்றிலும் வெளிநாட்டவருக்கு இப்படித்தான் தெரியும். பெட்ரோல், டீசல் விலையை ஒரு குழு அவ்வப்போது கூடி மாற்றும். மாற்றிய மறுநாள் காலையே மைக்ரோபஸ் கட்டணம் ஏறிவிடும்.

ரொட்டிக்கு மற்ற அரபு நாடுகளில் குப்ஸ் என்பார்கள், எகிப்தில் 'ஐஷ்'. வாழ்க்கை என்றே பொருள். மானிய விலை ரொட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 5 பியாஸ்தருக்கு விற்று, 2024 ஜூனில் 20 பியாஸ்தர் ஆனது. (100 பியாஸ்தர் ஒரு பவுண்டு.) ஆனால் அது குடிமக்களின் ரேஷன் அட்டைக்கு உரியது. நம் பிள்ளைகள் வாங்குவது 'ஐஷ் சியாஹி' எனப்படும் மானியமில்லாத ரொட்டி. "எகிப்தில் ரொட்டி காசே இல்லை" என்று எங்கோ படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

ஃபூல், தஅமிய்யா, குஷரி ஆகிய உள்ளூர் உணவுகளுக்கு நாக்கு பழகினால் செலவு பாதியாகும். ஃபூல் என்பது வேகவைத்த மொச்சை போன்ற பயறு. தஅமிய்யா நம் பருப்புவடைக்கு உறவு. நெல் நைல் டெல்டாவில் விளைகிறது, ஆனால் அரிசி குட்டையாகக் குழையும். பாஸ்மதிதான் வேண்டும், ஊர் மசாலாதான் வேண்டும் என்றால் அவை இறக்குமதி. டாலரோடு சேர்ந்து ஏறும். கோழியும் முட்டையும் உள்ளூர்ப் பொருள்தானே என்று தோன்றும். தீவனமான சோளமும் சோயாவும் கப்பலில் வருபவை. 2022 அக்டோபரில் டாலர் இல்லாமல் தீவனம் துறைமுகத்தில் தேங்கியபோது பண்ணைக்காரர்கள் கோழிக்குஞ்சுகளை அழிக்கும் நிலை வந்தது. அந்த டிசம்பரில் அரசு ஊட்டச்சத்து நிறுவனம் புரதத்துக்குக் கோழிக்காலைப் பரிந்துரைத்து மக்களின் கேலிக்கும் கோபத்துக்கும் ஆளானது.

மாதச் செலவில் பெரும்பங்கு வாடகை. மதீனத்துல் புஊஸ் விடுதியில் இடம் கிடைத்த மாணவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் பெரும்பாலும் நஸ்ர் சிட்டியில், குறிப்பாக இந்தோனேஷியா, மலேசியா மாணவர்கள் நிறைந்த ஹய்யுல் ஆஷிர் பக்கம், நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். அரைநூற்றாண்டாக உயராத பழைய வாடகை வீடுகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை உள்ளூர்க் குடும்பங்களின் பழைய ஒப்பந்தங்கள். அவற்றையும் ஏழாண்டில் முடிக்க 2025இல் சட்டம் வந்துவிட்டது. நமக்குக் கிடைப்பது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வீடு. தொகை, காலம், ஆண்டு உயர்வு மூன்றும் இரு தரப்பு பேச்சுதான். 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்து லட்சக்கணக்கானோர் எகிப்துக்கு வந்தபின் கெய்ரோவில் வாடகை வேகமாக ஏறியது. எனவே ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: உயர்வு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா, காலம் முடியுமுன் காலி செய்யச் சொல்ல முடியுமா, வாடகை பவுண்டிலா டாலரிலா. ஆறு மாத ஒப்பந்தம் வசதியாகத் தோன்றும். விலை ஓடும் காலத்தில் வீட்டுக்காரருக்குத்தான் அது வசதி. ஓராண்டுக்குக் குறையாமல் எழுதிக்கொள்வது நல்லது. முன்பணம், சிம்ஸார் எனும் தரகரின் கூலி, பவ்வாப் எனும் வாயிற்காவலருக்கு மாதாமாதம் கொடுப்பது, மின்கட்டணம் ஆகியவை தனி.

ஒன்றை மறக்க வேண்டாம். 2024 மார்ச்சில் அரசு ஊழியரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. நாம் அனுப்பும் 10,000 ரூபாய் அன்று ஏறத்தாழ அதே தொகை. கீரை விற்கும் பெண்ணிடம் நாம் அடித்துப் பேசும் இரண்டு பவுண்டு, அவர் கையில் நம் கையில் இருப்பதை விடப் பெரியது.

டாலரிலேயே கேட்கப்படும் செலவுகளும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் அந்நியச் செலாவணியில். பவுண்டு விழுந்தாலும் இது குறையாது. ரூபாய் விழுந்தால் ஏறும். விமானச் சீட்டும் அப்படியே. பணத்தை முறையாக மாற்றிய ரசீதுகளைத் தங்கும் அனுமதிக்காகப் பத்திரப்படுத்த வேண்டும். 2024 தொடக்கத்தில் கள்ளச் சந்தையில் டாலர் 70 பவுண்டு வரை போனபோது பலருக்கும் ஆசை வந்தது. உரிமமின்றி நாணயம் மாற்றுவது எகிப்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மாணவன் சிக்கினால் படிப்பும் போகும்.

பணத்தைப் பவுண்டாகச் சேர்த்து வைக்காதீர்கள். 2024 மார்ச் 5 அன்று 1,00,000 பவுண்டு வைத்திருந்தவரிடம் சுமார் 3,200 டாலர் இருந்தது. மறுநாள் 2,000. அரசு வங்கிகள் அந்த ஜனவரியில் 27 சதவீத வட்டிப் பத்திரம் வெளியிட்டன. வட்டி கூடாது என்பது ஒருபுறமிருக்க, அந்த வட்டியாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

அறைத்தோழர்களிடையே கடன் கொடுக்கல் வாங்கலில் இதனால் மனக்கசப்பு வருகிறது. 10,000 பவுண்டு கடன் கொடுத்தவருக்கு ஓராண்டு கழித்துத் திரும்பும் 10,000த்தில் முன்பை விடக் குறைவான பொருள்தான் வாங்க முடிகிறது. மதிப்பைக் கணக்கிட்டுக் கூட்டிக் கேட்கலாமா? சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1988இல் குவைத்தில் கூடியபோது, கடனை எண்ணிக்கைக்கு எண்ணிக்கையாகவே திருப்ப வேண்டும், விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. செப்பு நாணயங்களின் மதிப்பு மாறும்போது மதிப்பைப் பார்க்க வேண்டும் என்ற கருத்து இமாம் அபூயூசுஃப் அவர்களுக்கு உண்டு. அதை இக்காலத்துக்குப் பொருத்துவோரும் இருக்கிறார்கள். வழக்கு வராமலிருக்க எளிய வழி, கடனை டாலராகவே கையில் கொடுத்து டாலராகவே வாங்குவது.

கெய்ரோவுக்கு இது புதிதும் இல்லை. அந்நகரின் முஹ்தஸிபாக, அதாவது சந்தைக் கண்காணிப்பாளராக இருந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸி, 1400களின் தொடக்கத்தில் வந்த பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் பற்றித் தனி நூலே எழுதினார். இலஞ்சத்தால் பதவி வாங்குவது, நில வாடகை உயர்வு, செப்புக் காசு பெருகியது என்று அவர் காட்டிய காரணங்களைப் படிக்கும்போது காலம் மறந்துபோகும்.

அனுப்பும் தொகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு கிலோ அரிசி, முப்பது முட்டை, ஒரு கோழி, வாடகைப் பங்கு, வகுப்புக்குப் போய்வரும் கட்டணம் ஆகிய ஐந்தின் அன்றைய விலையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்; முந்தைய தாளோடு ஒப்பிடுங்கள். அவசரத்துக்கு இரண்டு மாதச் செலவும் திரும்பி வரும் விமானச் சீட்டின் விலையும் டாலராகத் தனியே இருக்கட்டும்.