வீட்டின் திறவுகோல் யார் கையில்?

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது கலகெதர. கண்டியரசின் காவலிடங்களுள் ஒன்றாக விளங்கிய இவ்வூரை 1803ஆம் ஆண்டுப் போரில் பிரித்தானியப் படை கைப்பற்றியது. அக்காலத்தில் மலைநாட்டுக் கடவைகளில் முட்கதவுகள் இருந்தன. அவற்றைக் காத்து மனிதர் நின்றனர். இன்று அதே மலைச்சாரலில் வாழும் ஒருவர் தம் வாசலுக்குக் கமராவைக் காவல் வைக்கலாம். கொழும்பிலிருந்தபடியே கைத்தொலைபேசியால் வீட்டு விளக்கை அணைக்கலாம். இத்தகைய இல்லத்தைத் ‘திறன் வீடு’ என்பர். இது முன்னேற்றமே. எனினும், விஞ்ஞானத்தின் கொடை எதுவாயினும், அது யார் உழைப்பில் விளைந்தது, யார் ஆணைக்குக் கீழ்ப்படிகிறது என்று வினவுதல் நம் கடமையாகும்.

திறன் வீட்டின் கதை மின்சாரத்தில் தொடங்குகிறது. மலைநாட்டு ஆறுகளின் நீர்வலுவால் இந்நாட்டுக்கு ஒளியூட்டலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சியில் அத்திட்டம் தொடங்குவதும் நிற்பதுமாக இழுபட்டது. இலக்ஷபான மின்நிலையத்தின் முதற்கட்டம் இயங்கியது 1950இல்தான். அந்நீர் தேயிலை மலைகளின் நீர். அம்மலைகளைப் பசுமையாக்கிய தோட்டத் தொழிலாளரோ, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டிருந்தனர். பின்னர் மவுஸ்சாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. மின்கம்பிகள் தலைநகரை நோக்கி விரைந்தன; அருகிலிருந்த லயங்களை விளக்கு எட்டப் பல பத்தாண்டுகள் சென்றன. மூலவளம் ஓரிடத்தில், ஆணை வேறிடத்தில் என்னும் இந்த முறைமை இன்று வீட்டுக்குள்ளும் நுழைந்துள்ளது.

எவ்வாறெனின், திறன் வீட்டில் அசைவையும் வெப்பத்தையும் அறியும் உணர்கருவிகள் உள்ளன. அவை தரும் செய்தியைக் கேட்டு ஆளிகளை இயக்கும் நடுவக் கருவி ஒன்றும் உண்டு. ஆனால் சந்தையில் விற்கும் பல கருவிகள் நம் கட்டளையை முதலில் அயல்நாட்டுக் கம்பனியின் கணினிக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து அனுமதி வந்த பின்னரே விளக்கு எரிகிறது. ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கப்பட்ட ‘ரிவால்வ்’ என்னும் நடுவக் கருவியின் நிறுவனத்தை 2014இல் ‘நெஸ்ட்’ வாங்கியது. 2016இல் அதன் சேவையையே நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் வெறும் பெட்டி எஞ்சியது. அதே ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், உற்பத்தியாளர் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களை உலகெங்கும் வசப்படுத்தி, பிறர் மீது ஏவியது. காவலாள் பகைவனுக்கு ஊழியம் செய்தான். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, மின்சாரம் இல்லாத வீட்டுக்குத் திறன் ஏது என்பதும் தெளிவாயிற்று.

ஆகவே, இதனை அமைப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் நன்று. இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் நடுவக் கருவியைத் தேர்க. சுவரிலுள்ள பழைய ஆளியை அகற்றற்க. பூட்டுக்குச் சாதாரணத் திறவுகோலும் இருக்கட்டும். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. கருவிகளின் நிரல்களைக் காலந்தோறும் புதுப்பிக்க. மின்வெட்டைத் தாங்கச் சேமக்கலம் ஒன்றும் வேண்டும். மூலநிரல் யாவர்க்கும் திறந்த மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன; ஆசிரியரும் மாணவரும் கூடிக் கற்றால் கம்பனியின் தயவின்றியே இவற்றைப் பேணலாம்.

விமலசுரேந்திர காண விழைந்தது நாட்டின் நீர் நாட்டுக்கே ஒளி தரும் காட்சி. அவ்வொளி எல்லா வீட்டுக்கும் எட்டவேண்டும். எட்டிய வீட்டில் விளக்கை ஏற்றும் உரிமை அங்கு வாழ்வோரிடமே இருக்கவேண்டும்.