யால்டாவில் மழுப்பிய சொல்

பொதுப் பகைவனை எதிர்க்க ஒன்றுகூடியவர்கள், அப்பகைவன் வீழ்ந்தபின்னும் ஒன்றுபட்டு நிற்பார்களா? இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கால வரலாறு இவ்வினாவிற்குத் தரும் விடை கசப்பானது. அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் ரஷ்யாவும் ஹிட்லரை வீழ்த்த ஓரணியில் நின்றவை. ஆயினும், வெற்றி கைகூடும் முன்னரே அவற்றினிடையே விரிசல் கண்டது. அது தெளிவாகத் தென்பட்ட இடம் போலந்து.

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை, கருங்கடற் கரையிலுள்ள யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் ஆகிய மூவரும் கூடினர். அப்போது போலந்தின் பெரும்பகுதி செஞ்சேனையின் வசம் இருந்தது. அந்நாட்டின் பெயரால் அரசுகளோ இரண்டு: ஒன்று லண்டனில் புகலடைந்தது, மற்றொன்று ரஷ்யாவின் ஆதரவில் லூப்ளின் நகரில் உருவானது. போலந்தின் பொருட்டே 1939-இல் போரில் இறங்கியது பிரிட்டன். ஆதலால் சர்ச்சிலுக்கு அது மானப் பிரச்சினை. ஸ்டாலினுக்கோ அது பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும். முப்பது ஆண்டுகளில் இருமுறை ஜெர்மானியர் அவ்வழியே ரஷ்யாவினுள் புகுந்ததை அவர் எடுத்துக்காட்டினார்.

முடிவில் ஒரு வாசகம் உருவாயிற்று. லூப்ளின் அரசைப் பரந்த ஜனநாயக அடிப்படையில் திருத்தியமைப்பது. கூடிய விரைவில் தடையற்ற தேர்தல் நடத்துவது. மூவரும் ஒப்பமிட்டனர். ஆனால், ஜனநாயகம் என்னும் சொல்லுக்கு மேலைநாட்டார் கொண்ட பொருள் வேறு. மாஸ்கோ கொண்ட பொருள் வேறு. தேர்தல் எந்நாளில் நடைபெறும், மேற்பார்வையிடுவோர் யாவர் என்பன அதில் உறுதி செய்யப்படவில்லை. ரஷ்யர் இதனை விருப்பம்போல் இழுத்துக்கொள்ளலாம், உடன்பாட்டை மீறியதாகவும் ஆகாது என்று கடற்படைத் தளபதி லீஹி எச்சரித்தார். போலந்துக்காக இப்போது தம்மால் இயன்றது இவ்வளவே என்றார் ரூஸ்வெல்ட். ஜப்பானுக்கு எதிரான போரில் ரஷ்யாவின் துணை அவருக்கு வேண்டியிருந்தது.

நாள்தோறும் கோப்புகளோடு பழகும் நம்மவர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். இரு தரப்பாரும் இசையும்படி வரைவில் ஒரு சொல்லை மழுப்பி வைத்தால், அன்றைய கூட்டம் இனிதே முடியும். பிணக்கு மட்டும் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படும்.

அவ்வாறே நிகழ்ந்தது. ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் மறைந்தார். பதினொரு நாள் கழித்து, புதிய அதிபர் ட்ரூமன், போலந்து பற்றிய உடன்பாட்டை நிறைவேற்றுமாறு ரஷ்ய வெளியுறவு அமைச்சர் மொலோடோவிடம் கடுமையாகப் பேசினார். ஜூலையில் போட்ஸ்டாம் நகரில் தலைவர்கள் மீண்டும் கூடியபோது, பேரழிவாற்றல் கொண்ட புதிய ஆயுதம் தம்மிடம் உண்டென ஸ்டாலினிடம் தெரிவித்தார். ஸ்டாலின் வியப்பேதும் காட்டவில்லை. அணுகுண்டுத் திட்டத்தை ஒற்றர் வாயிலாக அவர் முன்பே அறிந்திருந்தார். நேச நாடுகளின் நேசம் எத்தகையது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

போலந்தில் 1947 ஜனவரி 19-இல் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சியினர் பலர் சிறைப்பட்டனர், முடிவுகள் திரிக்கப்பட்டன. குடியானவர் கட்சித் தலைவர் மிகோலாய்ச்சிக் அவ்வாண்டு அக்டோபரில் நாட்டைவிட்டுத் தப்பியோடினார். பின்னர் 1948-இல் பெர்லின் முற்றுகை, 1949-இல் வட அட்லாண்டிக் உடன்படிக்கை எனப் பனிப்போர் முற்றியது. யால்டாவில் எழுதிய தடையற்ற தேர்தலைப் போலந்து மக்கள் 1989-இல் ஓரளவும், 1991-இல் முழுமையாகவுமே கண்டனர்.

அந்த யால்டா மேசையில் போலந்துக்காரர் ஒருவர்க்கேனும் இடம் இருந்ததில்லை. வல்லரசுகள் மழுப்பிய சொல்லுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விலை கொடுத்தவர் அவர்களே. ஆகவே, உடன்படிக்கைச் செய்திகளை நாளேட்டில் படிக்கும்போது, ஒப்பமிட்டவர் யார் என்பதோடு, அங்கே அழைக்கப்படாதவர் யார் என்றும் நாம் வினவுதல் வேண்டும்.