ஸெய்ரெக் மேட்டில் ஒரு மருந்துக்கடை

1880இல் இஸ்தான்புல்லின் ஸெய்ரெக் மேட்டுத் தெருவில் ஹம்தி பே என்பவர் ஒரு மருந்துக்கடை திறந்தார். அந்நகரில் முஸ்லிம் துருக்கியர் ஒருவர் தொடங்கிய முதல் நவீன மருந்துக்கடை என்று அதைத்தான் சொல்கிறார்கள். கலீபாவே குடியிருந்த தலைநகரில் அதற்கு ஏன் அத்தனை காலம் பிடித்தது?

மருந்து விற்ற முஸ்லிம்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இஸ்தான்புல்லின் எகிப்துச் சந்தையிலிருந்த அத்தார்கள் பட்டை, வேர், பிசின் எல்லாம் விற்றார்கள். நம்மூர் நாட்டு மருந்துக்கடையேதான். ஆனால் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, சின்னத் தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, மாத்திரை உருட்டிக் கொடுக்கும் கடைகள் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், இத்தாலிய வம்சாவளியினர் கையில் இருந்தன. பெரா பகுதியில் தெல்லா சுத்தா குடும்பத்தின் கடைக்குப் பெரும் பெயர். அந்த மண்ணில் இந்தத் தொழிலை வேரூன்றச் செய்தவர்கள் இவர்கள்தான். ஹம்தி பேயின் கதையை இவர்களை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமாகாது.

1839இல் கலாத்தாசராயில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் மருத்துவப் பள்ளி திறந்தார். வியன்னாவிலிருந்து வந்த டாக்டர் பெர்னார்ட் அதை நடத்தினார். மருந்தாளர் வகுப்பும் அங்கேயே தொடங்கியது. பாடமெல்லாம் பிரெஞ்சில். இப்போதைக்கு இப்படிப் படியுங்கள், மெல்ல மெல்ல நம் மொழிக்குக் கொண்டுவருவோம் என்ற பொருளில் சுல்தான் மாணவர்களிடம் பேசினார். அந்த ‘மெல்ல’ முப்பது ஆண்டுகள் ஆயிற்று. படித்துத் தேறிய முஸ்லிம் இளைஞர்கள் பெரும்பாலும் ராணுவத்துக்குப் போனார்கள். சம்பளம் நிச்சயம், கடை வைக்க முதல் தேட வேண்டாம். 1861இல் வந்த சட்டமோ, பட்டயம் இல்லாதவர் மருந்துக்கடை நடத்தக்கூடாது என்றது. 1867இல் பொதுமக்களுக்கான மருத்துவப் பள்ளி துருக்கிய மொழியில் பாடம் தொடங்கியது. 1870இல் ராணுவப் பள்ளியும் துருக்கிய மொழிக்கு மாறியது. பணத்தைவிட மொழிதான் பெரிய தடையாக இருந்தது என்பது என் கணிப்பு.

ஸெய்ரெக்குக்குப் பின் மற்றவர்களும் வந்தார்கள். அக்சராயில் கடை வைத்த எதெம் பெர்தெவ் தன் பெயரிலேயே ‘கிரெம் பெர்தெவ்’ என்ற முகக்களிம்பைச் செய்து விற்றார். இஸ்மிரில் சுலைமான் ஃபெரித் 1911இல் கெமரால்த்தி கடைத்தெருவின் ஷிஃபா மருந்துக்கடையை வாங்கினார். அவர் கலந்த ‘தங்கத்துளி’ என்ற கொலோன் வாசனைநீர் ஊரெங்கும் பேர்பெற்றது. விருந்தாளி வந்ததும் உள்ளங்கையில் கொலோன் ஊற்றுவது துருக்கிய வீட்டு வழக்கம் என்பதால், மருந்தாளரின் கைப்பக்குவம் நோயில்லாத வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

‘எஜ்ஸாஜிபாஷி’, அதாவது தலைமை மருந்தாளர், என்பது ஃபெரித்துக்குக் கிடைத்த பட்டம். 1934இல் குடும்பப்பெயர்ச் சட்டம் வந்தபோது அதுவே குடும்பப் பெயராயிற்று. அவர் மகன் நெஜாத் 1942இல் இஸ்தான்புல்லில் சிறிய அளவில் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். இன்று துருக்கியின் பெரிய தொழிற்குழுமங்களில் ஒன்று அந்தப் பெயரில்தான் நடக்கிறது.