பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் எதற்கு?



அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் காலம். பாடசாலையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இதில ஏன் வாப்பாட வாப்பா பிறந்த வருஷமும் ஊரும் போட்டிருக்கு?"

நல்ல கேள்வி. அதற்குக் கீழே இன்னொரு கட்டமும் உண்டு: தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரின் விபரம். இந்த அளவுகோல் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திற்குரியது. அது 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தான் இந்த மண்ணில் பிறந்தேன் என்பது மட்டும் போதாது.

பிறப்புப் பதிவு நம் நாட்டில் கட்டாயமானதே 1897இல்தான். அதற்கு முன் பிறந்த தகப்பனுக்குச் சான்றிதழை எங்கே தேடுவது? நம்மில் எத்தனை பேருடைய பூட்டனாருக்குப் பத்திரம் இருந்தது? ஆனால் நம்மிடமோ சிங்கள அயலவரிடமோ யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் தோட்ட லயங்களில் இருந்தவர்கள். ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆசனங்களை வென்றிருந்தது, வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 1949இல் வாக்குரிமையும் போனது.

அதே 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்து நம் ஊர்களில் கடை வைத்திருந்த இந்தியச் சோனகர்களும் மேமன்களும் போராக்களும் இதற்குள் அடங்குவர். ஆகவே இது மலையகத்தாரின் கதை மட்டும் என்று நாம் ஒதுங்க முடியாது. மணமுடித்தவர் 7 வருடமும், மணமுடிக்காதவர் 10 வருடமும் தொடர்ந்து வதிந்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

மிச்சப் பேரை 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியோடு பாதிக்குப் பாதி. அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. கடைசி முடிச்சு 2003இல்தான் அவிழ்ந்தது: 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை.

அதே 2003இல் இன்னொரு திருத்தம். அதுவரை, மணமான தம்பதியரின் பிள்ளைக்கு உம்மாவின் பிரஜாவுரிமை கணக்கிலேயே இல்லை, வாப்பாவினுடையது மட்டும்தான். இப்போது இருவரில் ஒருவர் பிரஜையாக இருந்தால் போதும்.

நம் ஊருக்கு இன்று தேவையான ஒன்றும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ பிறக்கும் பிள்ளை தானாக இலங்கைப் பிரஜையாகிவிடாது. பிறந்து ஒரு வருடத்திற்குள் அங்குள்ள நம் தூதரகத்திலோ இங்குள்ள திணைக்களத்திலோ பதிய வேண்டும். பிந்தினால் மேலதிக அவகாசத்திற்கு அனுமதி கேட்கலாம். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க வரும்போதுதான் சிலர் இதைத் தேடுகிறார்கள். வெளிநாட்டில் மகன், மருமகள் இருப்பவர்கள் இன்றிரவே ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.